நெய்யில் தோய்த்த ஏடும் டெலீட் பட்டனும்

குட்டீஸ், தஞ்சாவூர் அரண்மனைக்குப் போனால் சரஸ்வதி மகால் நூலகத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) தேடித் தேடிச் சேர்த்த சுவடிகள் அங்கே ஏராளம். ஆனால் பனை ஓலைக்கும் வயது உண்டு. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும், கையில் எடுத்தாலே பொடியாகும். அதனால் நம் முன்னோர் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஏடு சிதையத் தொடங்கியதும் அதைப் பார்த்துப் புது ஓலையில் எழுதிக்கொள்வார்கள். அப்புறம்தான் பழைய ஏட்டை நெருப்பிலோ ஆற்றிலோ சேர்ப்பார்கள்.

சரி, இந்த முறையில் முதல் பாதி மட்டும் மறந்துபோனால் என்ன ஆகும்?

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரைத் தெரியும்தானே? பாபநாசம் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர், 1855-ல் பிறந்தவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்துகொண்டே ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தவர். புறநானூறு 1894-ல் அச்சில் வந்தது அவரால்தான். ஏடு தேடித் தெற்கே கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனபோது அவருக்குப் பேரிடி காத்திருந்தது. அங்கே இருந்த சுவடிகளை எல்லாம் நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டார்களாம்! கேட்டால், பழைய ஏடுகளை அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறது என்றார்கள்.

உ.வே.சா. துடித்துப் போனார். பிரதி எடுத்துக்கொண்டு, அதன் பிறகு சிதைந்ததைத் தீயில் இடு என்பதுதான் விதியாக இருந்திருக்கும். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் செய்துவிட்டார்களே என்று ‘என் சரித்திரம்’ நூலில் வருந்துகிறார். கவனியுங்கள், ஏட்டை எரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைப் பக்தியோடு செய்தவர்கள். எனக்குப் பயமாக இருப்பதே அதுதான்!

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். ‘ஏ.ஐ. ஏஜென்ட்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், நமக்காக வேலையும் செய்யும் செயற்கை நுண்ணறிவு அது. வேலை செய்யக் கருவிகள் வேண்டுமே? படிக்க ஒன்று, எழுத ஒன்று, அழிக்க ஒன்று என்று புரோகிராம் எழுதுகிறவர்கள் அதனிடம் கருவிகளைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கருவியோடும் சில வரிக் குறிப்பு இருக்கும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் குறிப்பைப் படித்துத்தான். பக்கத்து வீட்டு அண்ணன் போல, ‘டேய், அது உங்கப்பாவோட கணக்கு, தொடாதே’ என்று அதற்குத் தானாகத் தெரியாது.

2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு சம்பவம். ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் ஏஜென்ட்டை வைத்து ஒருவர் ஒரு மென்பொருளை உருவாக்கி வந்தார். ‘இப்போதைக்கு எதையும் மாற்றாதே’ என்றும் சொல்லியிருந்தார். அதுவோ, 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் இருந்த தகவல் தளத்தையே அழித்துவிட்டது. போதாததற்கு, ‘இனி மீட்க முடியாது’ என்றும் சொன்னது. அதுவும் தவறு! பிறகு அவரால் மீட்க முடிந்தது. எது திரும்பி வரும், எது வராது என்று அதற்கே சரியாகத் தெரியவில்லை.

அப்படியானால் அழிக்கும் கருவிக்குக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? ‘இது ஃபைல்களை நீக்கும்’ என்று ஒற்றை வரியில் எழுதினால், அது கரிவலம்வந்தநல்லூர்க் கதைதான். உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டருக்கு என்றால் இப்படி எழுதலாம்: ‘இது சொன்ன ஃபோல்டரையும் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் நிரந்தரமாக அழிக்கும். குப்பைத்தொட்டிக்குப் போகாது, திரும்ப எடுக்க முடியாது. முதலில் பிரதி இருக்கிறதா என்று பார். எவை அழியப் போகின்றன என்ற பட்டியலை ஆசிரியரிடம் காட்டு. அவர் சரி என்றால் மட்டும் அழி. ஒளித்து வைக்க மட்டும் வேண்டுமென்றால் வேறு கருவியை எடு.’

அந்தப் பட்டியல் விஷயம் முக்கியம். நம் வயல்களில் புதிதாகக் களை எடுக்க இறங்குகிறவரைப் பாருங்கள். நெல்லும் சில புல்லும் இளசில் ஒரே மாதிரி இருக்கும். ‘இதுதானே அத்தை?’ என்று காட்டிவிட்டுத்தான் பிடுங்குவார். பிடுங்கிய பிறகு காட்டி என்ன பயன்?

ஏ.ஐ.யையும் கருவிகளையும் இணைக்க 2024-ல் எம்.சி.பி. என்ற பொதுவான முறை வந்தது. அதில் பின்னர் ஓர் அழகான விதி சேர்ந்தது. ‘படிக்க மட்டும்’ என்று சொல்லப்படாத ஒரு கருவி எதையாவது அழிக்குமா என்று அதைச் செய்தவர் எழுதவே இல்லையா? ‘அழிக்கக்கூடும்’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்! ஆனாலும் குறிப்பு பூட்டு ஆகாது. ஏஜென்ட் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம். ஆகவே மனிதர் சம்மதிக்காமல் கருவி இயங்காதபடி செய்வதும், பிரதியை ஏஜென்ட்டின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதும் தனி வேலை.

இந்த வாரம் ஒரு பயிற்சி, சுட்டீஸ். வகுப்பில் கரும்பலகையை அழிக்கும் டஸ்டருக்கு, மனிதர்களைப் பற்றி எதுவுமே தெரியாத ரோபோ படித்துப் புரிந்துகொள்ளும்படி ஐந்து வரிக் குறிப்பு எழுதுங்கள். எழுதியதை நண்பரிடம் கொடுத்து, அதில் உள்ளதை மட்டும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். வீட்டுப்பாடக் கணக்கை எல்லாரும் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் அவர் அழித்துவிட்டால், எந்த வரி விடுபட்டது என்று கண்டுபிடியுங்கள்!