நீட் மதிப்பெண் மட்டும் போதுமா?

மருத்துவப் படிப்பு என்றதும் நம் பள்ளிகளில் பேச்செல்லாம் நீட் மதிப்பெண்ணைச் சுற்றியே நடக்கிறது. பயிற்சி வகுப்பு, மாதிரித் தேர்வு, பழைய வினாத்தாள் என்று மாணவர்களும் நாமும் ஓடுகிறோம். அந்த ஓட்டம் தேவைதான். ஆனால் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்கூட கலந்தாய்வின் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோக வாய்ப்பு உண்டு. காரணம் அவருடைய படிப்பு அல்ல, பள்ளிச் சான்றிதழில் உள்ள குறை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் அந்தக் குறையைச் சரிசெய்வது கடினம். ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளிலேயே கண்டுகொண்டால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். அந்த இடத்தில் இருப்பவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான்.

அடிப்படைத் தகுதி என்ன?

மாணவர் சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்), ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே உயிரியலாகக் கொள்ளப்படும்.

பலரும் கவனிக்காத இன்னொரு நிபந்தனை உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் கூட்டி, பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவர் இயற்பியலில் 36, வேதியியலில் 38, உயிரியலில் 42 பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் 35க்கு மேல் என்பதால் அவர் தேர்ச்சி. கூட்டினால் 116. முந்நூறுக்கு 40 விழுக்காடு என்பது 120. நீட் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் அந்த நான்கு மதிப்பெண் குறைவு அவரைத் தடுத்துவிடும். "நீட் வந்தபிறகு பிளஸ் டூ மதிப்பெண் எதற்கு?" என்று கேட்கும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

பிரிவு தேர்வில் தொடங்கும் சிக்கல்

பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் உள்ள பிரிவை ஒரு மாணவி எடுக்கிறார். அடுத்த ஆண்டு மருத்துவ ஆசை வருகிறது. நீட் தேர்வின் 180 வினாக்களில் 90 உயிரியல். 720 மதிப்பெண்ணில் சரிபாதியான 360 அந்தப் பாடத்துக்கு உரியது. சான்றிதழிலும் உயிரியல் இல்லை, தேர்வின் பாதியும் கைவிட்டுப் போகிறது. தொழிற்கல்வியில் செவிலியப் பாடம் படித்தால் மருத்துவராகலாம் என்று எண்ணும் பெற்றோரும் இருக்கிறார்கள். இயற்பியலும் வேதியியலும் இல்லாத சான்றிதழ் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குப் போதாது என்பதை அவர்களிடம் சேர்க்கையின்போதே சொல்லிவிட வேண்டும்.

உயிரியல் இல்லாமல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு முன்பு கதவு மூடியே இருந்தது. இரண்டு ஆண்டுகள் முறையாகப் பள்ளியில் அந்தப் பாடங்களைச் செய்முறையோடு படித்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட பொது அறிவிப்பு இதைத் தளர்த்தியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஏற்கப்பட்ட கல்வி வாரியம் ஒன்றில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்று ஆனது. ஆகவே அப்படிப்பட்ட முன்னாள் மாணவர் நம்மைத் தேடி வந்தால் "இனி முடியாது" என்று அனுப்பிவிடக் கூடாது. ஆனால் உயிரியலைப் புதிதாகப் படித்து, வாரியத் தேர்வையும் நீட்டையும் எழுத ஓராண்டாவது செலவாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடைநின்றவர்களும் திறந்தநிலைப் பள்ளியும்

குடும்பச் சூழலால் பள்ளியை விட்டு, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்கள் உண்டு. இவர்கள் மருத்துவப் படிப்பில் சேர இருந்த தடையை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கிலும் தேர்ச்சி, மேலே சொன்ன விழுக்காடு ஆகிய நிபந்தனைகள் இவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பொதுத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறியவர் சோர்ந்துவிட வேண்டாம். துணைத் தேர்வு எழுதி, கலந்தாய்வுக்குரிய நாளுக்குள் தேர்ச்சிச் சான்று கைக்கு வந்துவிட்டால் அவருக்கும் வாய்ப்பு உண்டு. முடிவு வெளியான அன்றே துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் செய்வது நம் வேலை.

வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து வருபவர்கள்

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பும் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது நம் அரசுப் பள்ளிகளிலும் சேர்கிறார்கள். இவர்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். துபாயிலோ மஸ்கட்டிலோ படித்திருந்தாலும் அந்தப் பள்ளி சி.பி.எஸ்.இ. வாரியத்தைச் சேர்ந்தது என்றால் சான்றிதழ் இந்திய வாரியத்தின் சான்றிதழே. இணைத்தன்மைச் சிக்கல் இல்லை.

கேம்பிரிட்ஜ், ஐ.பி. போன்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் அல்லது வேறு நாட்டு வாரியத்தில் படித்தவர்களின் நிலை வேறு. வெளிநாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான தேர்வை முடித்தவர்கள், அது இந்தியாவின் பிளஸ் டூவுக்கு இணையானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் (ஏ.ஐ.யு.) சான்று பெற வேண்டும். இதில் நாம் விளக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, எந்த நிலைத் தேர்வு என்பது. கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ., இலங்கையின் சாதாரண தரம் ஆகியவை பத்தாம் வகுப்பு நிலையைச் சேர்ந்தவை. அவற்றை மட்டும் வைத்து மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க இயலாது. 'ஏ லெவல்', இலங்கையின் உயர்தரம் போன்றவையே மேல்நிலைத் தேர்வுகள்.

இரண்டு, பாடங்கள். அந்தப் பாடத்திட்டங்களில் மாணவர் தம் விருப்பப்படி மூன்று அல்லது நான்கு பாடங்களைத் தெரிவு செய்கிறார். உயிரியல், வேதியியல், கணிதம் என்று எடுத்து இயற்பியலை விட்டவருக்கு அந்த நாட்டில் மருத்துவம் கிடைக்கக்கூடும். இந்தியாவில் கிடைக்காது. ஆங்கிலமும் சான்றிதழில் இருக்க வேண்டும்.

மூன்று, மதிப்பெண். அங்கே பெரும்பாலும் தரநிலை எழுத்துகளோ புள்ளிகளோதான் வழங்கப்படும். 50 அல்லது 40 விழுக்காட்டைக் கணக்கிட அவை மதிப்பெண்ணாக மாற்றப்பட வேண்டும். அதற்கான ஆவணத்தையும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

மாநில ஒதுக்கீட்டில் இடம் கேட்கும்போது பிறப்பிட/இருப்பிடச் சான்றிதழும் தேவைப்படலாம். பள்ளிப் படிப்பை முழுவதும் இங்கே முடிக்காதவர்கள் இதை வருவாய்த் துறையிடம் முன்பே பெற்றுக்கொள்வது நல்லது. ஒருவர் இரண்டு மாநிலங்களில் இருப்பிட உரிமை கோர முடியாது.

"இங்கே தகுதி இல்லையென்றால் வெளிநாட்டில் படிக்க வைத்துவிடுவோம்" என்று சில பெற்றோர் சொல்வார்கள். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்து இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய விரும்புபவரும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். நீட்டுக்கான பாடத் தகுதியும் அவருக்கு உண்டு. பெரும் பணத்தைக் கட்டுவதற்கு முன் இதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

7.5 விழுக்காடும் நம் பதிவேடும்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளிலேயே படித்திருக்க வேண்டும் என்பது இதன் உயிர்நாடி. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் போன்றவையும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இந்த உரிமை உண்டு.

ஆகவே ஏழாம் வகுப்பில் ஒரே ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பிய பிள்ளை, படிப்பில் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்பார். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோரிடம் நாம் இதை எடுத்துச் சொல்கிறோமா? முடிவு அவர்களுடையது. தெரியாமல் இழக்கக் கூடாது என்பதே நம் கவலை.

நாம் செய்யக்கூடியவை

ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவரும் ஆறாம் வகுப்பு முதல் எங்கெங்கே படித்தார் என்பதை எமிஸ் பதிவோடும் சேர்க்கைப் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைப் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு முன் சரிபார்க்கலாம். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளில் எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு வழிவிடும் என்று ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வெளிநாட்டிலிருந்தோ வேறு வாரியத்திலிருந்தோ வரும் மாணவரின் ஆவணங்களைச் சேர்க்கை நாளிலேயே நகலெடுத்து, குறைவதைப் பட்டியலிட்டுப் பெற்றோரிடம் கொடுக்கலாம்.

விதிகள் மாறக்கூடியவை. ஆண்டுதோறும் வெளியாகும் நீட் தகவல் கையேட்டையும், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வெளியிடும் விளக்கக் குறிப்பேட்டையும் பள்ளிக்கு ஓர் ஆசிரியராவது முழுமையாகப் படித்துவிட வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் பார்த்துச் சொல்லப் பணம் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியர்தான் இருக்கிறார்.