முழங்கால் வலிக்கு முதலில் ஸ்பேனரை எடுங்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் சைக்கிள் மிதிக்க மேடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெண்ணாறு, வெட்டாறு என்று குறுக்கே வரும் ஆற்றுப் பாலங்களின் ஏற்றம்தான். ஆனாலும் பலருக்கு முழங்கால் வலி. “வயசாயிடுச்சு, தேய்மானம்” என்று தைலம் வாங்கிவிடுகிறோம். உட்கார்ந்து மிதிக்கிற சீட்டின் உயரத்தை யாரும் பார்ப்பதில்லை.

சீட்டு தாழ்ந்தால் என்ன ஆகும்?

இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியும்படி சீட்டை அடிவரை இறக்கி வைப்பது நம்மூர் வழக்கம். விழுந்துவிடுவோமோ என்ற பயம்; அதற்குக் காரணமும் உண்டு. தை, மாசி அறுவடையில் பாதிச் சாலை வரை நெல் காயும். எதிரே பஸ் வந்தால் காலை ஊன்றத்தானே வேண்டும்?

ஆனால் தாழ்ந்த சீட்டில் பெடல் மேலே வரும்போதெல்லாம் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. மடங்கிய காலால் அழுத்தினால் முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்தும். கியர் இல்லாத சைக்கிளில் ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 200 முறை மிதிக்கிறது. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குச் சுமார் 12 கிலோமீட்டர் என்றால், ஒரு வழிக்கே 2,400 மிதி. ஆனி, ஆடியில் கும்பகோணம் பக்கமிருந்து மேற்கே வருகிறவருக்கு எதிர்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

சரியான உயரம் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் உட்காருங்கள். வழக்கமாகப் போடும் செருப்பு காலில் இருக்கட்டும். பெடலை அடிவரை இறக்கி, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக, 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். அதுதான் உங்கள் உயரம். நிற்கும்போது கால்விரல்கள் தரையைத் தொட்டால் போதும். தடுமாற்றம் உள்ள பெரியவர்கள் ஒரு விரற்கடை குறைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். அரை அரை அங்குலமாக, சில நாள் இடைவெளி விட்டு ஏற்றுங்கள். சீட்டுக் குழாயில் எல்லைக்கோடு இருந்தால் அது வெளியே தெரியக்கூடாது. குழாய் போதவில்லை என்றால் கடையில் நீளமானதாக மாற்றித் தருவார்கள். அளவு மீறி உயர்ந்தாலும் வம்புதான்: இடுப்பு இடமும் வலமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் என்பது பெரும்பாலும் சரியாக வரும்.

பள்ளிக்கூடத்துச் சைக்கிள்

2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பிளஸ் ஒன் பிள்ளையின் கைக்கு வரும் அந்தச் சைக்கிள் அவரவர் உயரத்தை அளந்து செய்ததல்ல. சீட்டை அன்றைக்கே சரிசெய்து கொடுப்பது வீட்டாரின் வேலை. பையன்கள் அந்த வயதிலும் வளர்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். புத்தகப் பையை ஹேண்டில் பாரில் தொங்கவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் கேரியரில் கட்டச் சொல்லுங்கள்.

கை, இடுப்பு, பாதம்

சுண்டுவிரல் மரத்துப்போகிறதா? உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கி நரம்பை அழுத்துகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, கைதான் தாங்கும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் தொடை இடுக்கில் மரப்பு வரும். சமமாக வையுங்கள். குனிந்து ஓட்டி இடுப்பு வலித்தால் ஹேண்டில் பாரைச் சற்று உயர்த்தலாம்.

நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வருகிறவர்களின் சைக்கிளில் பெடல் ரப்பர் தேய்ந்து, வெறும் இரும்புத் தண்டுதான் மிஞ்சியிருக்கும். வெறுங்காலின் நடுவளைவு அதில் பதிந்து வலிக்கும், வழுக்கவும் வழுக்கும். புது பெடல் ஒரு ஜோடி மாட்டிவிடலாம், பெரிய செலவில்லை.

45 கிலோ யூரியா மூட்டையைக் கேரியரில் ஏற்றினால், பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதே மேல். இதில் வீரம் வேண்டாம்.

டாக்டரிடம் எப்போது?

மூட்டு வீங்கினால், மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டால், ஓய்விலும் இரவிலும் வலித்தால், மரப்பு விடாமல் நீடித்தால் சீட்டோடு மல்லுக்கட்டாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது, பெடல் அடியில் இருக்கும் நிலையில் சைக்கிளில் உட்கார்ந்து, பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்றைச் செல்போனில் கொண்டு போங்கள். மடங்கிய முழங்காலை அவர் அதிலேயே பார்த்துக்கொள்வார்.