எதிர்வீட்டுச் சாவி

மும்பை மத்திய ரயில்பாதையில் காஞ்சூர்மார்க்கைத் தாண்டினால் பாண்டுப். ஸ்டேஷனுக்கு மேற்கே எல்.பி.எஸ். சாலையைக் கடந்ததும் தரை மேடேறத் தொடங்கும். டெம்பிபாடா, துல்ஷேத்பாடா என்று மலைச்சரிவு முழுக்க வீடுகள். அதற்கு மேலே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு. இந்தச் சரிவில் ‘சால்’ எனப்படும் ஒரு வரிசைவீட்டுக் குடியிருப்பில்தான் எங்கள் குடித்தனம். டயர், பெயின்ட் என்று பெரிய தொழிற்சாலைகள் இங்கே ஓடிய காலத்தில் மாமனார் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தார். பிறகு இதுவே ஊராகிவிட்டது.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. மூலையில் குளிக்க, கழுவ ஒரு மோரி, தலைக்கு மேலே சாமான் பரண். அதனால் பாதி வாழ்க்கை கல்லியில், அதாவது வாசல் சந்தில்தான் நடக்கிறது. வெங்காயம் உரிப்பது, பிள்ளைகளுக்குத் தலை பின்னுவது, வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பது எல்லாம் வாசற்படியில். மும்பை குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி எங்கள் பாண்டுப்பில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. ஆசியாவின் மிகப் பெரிய நிலையங்களில் அது ஒன்று. ஆனாலும் எங்கள் கல்லிக் குழாயில் தண்ணீர் வருவது சாயங்காலம்தான். அந்த நேரத்தில் குடத்தோடு நிற்கும்போதுதான் யார் வீட்டில் காய்ச்சல், யார் பெண்ணுக்கு வரன் என்பதெல்லாம் தெரியவரும்.

ஞாயிற்றுக்கிழமை சில சமயம் கிழக்கே பம்பிங் ஸ்டேஷன் பக்கம் போவோம். குளிர்காலத்தில் தானே கழிமுகத்துச் சேற்றில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நிறைந்திருக்கும். 2015-ல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். வழியில் ரயில் போனால் என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வார்: “1843-ல் ஜார்ஜ் கிளார்க்னு ஒரு இன்ஜினியர் பாண்டுப்புக்கு வந்தப்போதாம்ல பம்பாயிலேருந்து தானேக்கு ரயில் விடணும்னு யோசனையே வந்துச்சு. பத்து வருஷத்துல வண்டி ஓடிட்டு!”

பொங்கலும் சங்கராந்தியும் பெரும்பாலும் ஒரே நாளில் வரும். முந்தின நாளே தாராவிக்குப் போய் கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு வாங்கி வந்துவிடுவோம். கல்லியில் செங்கல் கூட்டிப் பானை வைப்பேன். பால் பொங்கும்போது நான் குலவையிட்டால் எதிர்வீட்டு மராத்திப் பெண்பிள்ளைகளும் சேர்ந்து குலவையிடுவார்கள். என் மகளைவிட அவர்களுக்கு நாக்கு நன்றாகச் சுழல்கிறது. சாயங்காலம் அவர்கள் வீட்டில் ஹல்தி குங்கும். மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டையும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமும் தருவார்கள். ரதசப்தமி வரைக்கும் இப்படி வீடு வீடாகப் போய் வருவோம். என் அடுக்களைக் கிண்ணங்கள் பாதி அப்படி வந்தவைதான்.

எதிர்வீட்டு மாவ்ஷிக்கு (மராத்தியில் சித்தி) ஊர் கொங்கணில் மால்வண் பக்கம். கணபதி பண்டிகைக்குக் கொங்கண்காரர்கள் எப்பாடுபட்டாவது ஊர் போய்விடுவார்கள். 1998-ல் கொங்கண் ரயில் முழுத்தூரமும் ஓடத் தொடங்கியும் அந்த நாட்களில் டிக்கெட் கிடைப்பது பெரும்பாடு. கிளம்பும்போது மாவ்ஷி சாவியை என் கையில் கொடுத்து, “அக்கா, துளசிக்குத் தண்ணி” என்பார். அந்த நாட்களில் அவர்கள் வீட்டுச் சாமிக்கும் நான்தான் விளக்கேற்றுவேன். மே மாதம் நாங்கள் கல்யாணில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறும்போது எங்கள் சாவி அவரிடம் இருக்கும். அவர் ஊரிலிருந்து கோகம் புளியும் முந்திரியும் வரும். நாங்கள் அல்வாவும் கருப்பட்டியும் கொண்டு வருவோம். அவருடைய மாமியாருக்கு மட்டும் தனியாகப் பனங்கற்கண்டு. கிழவிக்கு இருமல் வந்தால் அதைத்தான் கேட்பாள். வேறு மருந்தை வாயில் வைக்கமாட்டாள்.

இப்போது இங்கேயும் சால் வீடுகளை இடித்து மாடிக் கட்டடம் கட்டும் பேச்சு நடக்கிறது. குடிசை மாற்றுத் திட்டத்தில் வீட்டுக்கு 300 சதுர அடி, குழாய் உள்ளேயே. எனக்கும் ஆசைதான், முட்டி வலியோடு எத்தனை நாள் குடம் தூக்குவது? ஆனால் யாருக்கு எந்த மாடி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்களாம். அதனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாடியில் எதிரெதிராகக் கதவு வேண்டும் என்று நானும் மாவ்ஷியும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். மராத்தியில் எழுதித் தந்தது என் மகள்.