எண்ணிக் காக்கும் அன்பு

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் அடுக்குமாடிக் கட்டடமொன்றின் அடித்தளத்தில் அமைந்த குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தின் வாசலில், ஜனவரி மாதத்துக் காலைப் பொழுதொன்றில், தடித்த பனி அங்கியும் தொப்பியும் கையுறையும் அணிந்து உருண்டு திரண்ட சின்னஞ்சிறு உருவங்கள் விளையாட்டு முற்றத்துக்குப் புறப்படும் காட்சியைக் காண்பவர் எவரும், அந்த ஆசிரியையின் உதடுகள் ஓயாது அசைந்துகொண்டிருப்பதைக் கவனியாதிருக்க முடியாது. வளையங்கள் கோத்த நீண்ட கயிற்றில் ஆளுக்கொரு வளையத்தைப் பற்றிக்கொண்டு குழந்தைகள் வரிசையாக நிற்க, அவர் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணுகிறார். கையிலுள்ள வருகைப் பதிவோடு ஒத்துப் பார்க்கிறார். வாசலைக் கடந்ததும் மறுபடி எண்ணுகிறார். முற்றத்தின் படலையைச் சாத்திய பிறகு மூன்றாம் முறையும் எண்ணுகிறார்.

எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் கணக்கிடுதல் என்றும் பொருள், நினைத்தல் என்றும் பொருள். பிறர் பெற்ற பிள்ளையைப் பேணுவதாக ஏற்றுக்கொண்டவர்க்கு இவ்விரு பொருளும் பிரிக்கலாகாதவை. அன்புள்ள நெஞ்சம் இருந்தாலே போதும், கணக்கும் பதிவேடும் காரியாலயச் சடங்கு என்று கருதும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் இருப்பதால், இந்த உண்மையைச் சற்று விரித்துரைப்பது அவசியமாகிறது.

இந்தப் பொறுப்புக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தாய்மார் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்ற காலத்தில், 1942-ஆம் ஆண்டு மத்திய அரசும் ஒன்ராறியோ மாகாண அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் ரொறன்ரோவில் பகற்காலப் பராமரிப்பு இல்லங்கள் திறக்கப்பெற்றன. யுத்தம் முடிந்ததும் அவற்றை மூடிவிட எத்தனித்தபோது தாய்மார்கள் ஒன்றுகூடிப் போராடினார்கள். அதன் பயனாகப் பல இல்லங்கள் நிலைத்தன. 1946-இல் இம்மாகாணத்தின் முதலாவது பராமரிப்பு நிலையச் சட்டமும் பிறந்தது. குழந்தையைப் பேணுவது ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரம் மாத்திரமன்று, சமுதாயம் முழுவதும் ஏற்கவேண்டிய தர்மம் என்ற கருத்து இந்நாட்டில் வேரூன்றிய வரலாறு அது.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மிகக் கொடிய முறையில் உணர்த்தியது. ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில், உரிமம் பெறாத வீட்டுப் பராமரிப்பு நிலையமொன்றில், இரண்டு வயதுப் பெண் குழந்தையொன்று வெயிலில் நின்ற வாகனத்துக்குள் மணிக்கணக்காக மறக்கப்பட்டு உயிர் துறந்தது. ஐவருக்கு மேற்படலாகாது என்ற வரம்பைப் பன்மடங்கு மீறி அவ்வீட்டில் குழந்தைகள் சேர்க்கப்பட்டிருந்தனர். அத்தனை பேரின் நடுவே ஒரு குழந்தை இல்லாததை உணர்வார் இல்லை, எண்ணுவாரும் இல்லை. அந்த இடத்தைப் பற்றி முன்னரே புகார்கள் எழுந்திருந்தும், கல்வி அமைச்சு அவற்றை முறையாகத் தொடர்ந்து கவனிக்கவில்லை. ஒன்ராறியோவின் மக்கள் குறைகேள் அதிகாரியாயிருந்த ஆந்த்ரே மாரான் இதனை விசாரித்து, 2014 அக்டோபரில் 113 பரிந்துரைகள் அடங்கிய அறிக்கையை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் குழந்தைப் பராமரிப்பு மற்றும் ஆரம்பப் பருவச் சட்டம் நிறைவேறியது. 2015 ஆகஸ்ட் 31 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் உயிர்நிலை எண்ணிக்கையே ஆகும். உரிமம் பெற்ற நிலையமொன்றில், பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்கள் பத்துப் பேருக்கு மூன்று பராமரிப்பாளர் இருத்தல் வேண்டும். பதினெட்டு முதல் முப்பது மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு ஐவருக்கு ஒருவர். அதற்கு மேற்பட்ட பாலர்களுக்கு எண்மருக்கு ஒருவர். நெருப்புப் பற்றினால் ஒருவர் இரண்டு கைகளால் எத்தனை சிசுக்களைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று ஒரு கணம் சிந்திக்கும் தாய்க்கு இந்தக் கணக்கின் நியாயம் விளங்காமற் போகாது.

நெருப்பென்றதும் தமிழ் நெஞ்சம் கும்பகோணத்தை நினையாதிருக்குமோ? 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, அந்நகரப் பள்ளியொன்றின் சத்துணவுச் சமையலறையில் எழுந்த தீ கூரைக் கீற்றைப் பற்றிக்கொள்ள, வெளியேறும் வழியின்றி 94 குழந்தைகள் மாண்ட துயரம் நம் தலைமுறையின் ஆறாத வடு. ஒன்ராறியோவின் பராமரிப்பு நிலையங்களில் மாதந்தோறும் தீவிபத்து ஒத்திகை நடத்தியே ஆகவேண்டுமென்று விதித்திருப்பதை அதிகப்படியான அச்சம் என்று எண்ணுகிறவர்கள், அந்த 94 பெயர்களையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

பெரிய விபத்துக்களைப் போலவே அன்றாடச் சிறு காரியங்களிலும் இந்தச் சிரத்தை தேவை. ஓராண்டு நிரம்பாத சிசுவை மல்லாந்தே படுக்கவைக்க வேண்டும். உறங்கும்போது அறைக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பது போதாது, அருகே சென்று நேரில் கவனிக்க வேண்டும். வேர்க்கடலையோ முட்டையோ பாலோ ஒவ்வாத குழந்தைகளின் விவரம் சமையலறையிலும் விளையாட்டறையிலும் தொங்கவேண்டும். 2024 ஜனவரி முதல் மற்றொரு விதியும் சேர்ந்துள்ளது: வரவேண்டிய குழந்தை முன்னறிவிப்பின்றி வராவிட்டால், நிலையத்தார் பெற்றோருடன் தொடர்பு கொண்டு காரணத்தை அறிய வேண்டும். களைப்பாலும் வேலை நெருக்கடியாலும் பின்னாசனத்தில் உறங்கும் பிள்ளையை மறந்துவிட்டு வேலைத்தலத்துக்குள் நுழைந்த தகப்பனொருவரை, அந்த ஒரு தொலைபேசி அழைப்பு தக்க தருணத்தில் திருப்பி ஓடச்செய்யக் கூடும்.

கடும் விபத்தோ, குழந்தை காணாமற்போதலோ, துன்புறுத்தல் பற்றிய குற்றச்சாட்டோ நேர்ந்தால், நிலையத்தார் 24 மணி நேரத்துக்குள் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். அதன் சுருக்கத்தைப் பெற்றோர் பார்க்கும்படி பத்து வேலை நாட்களேனும் ஒட்டிவைக்கவும் வேண்டும். குழந்தை துன்புறுத்தப்படுகிறதென்று நியாயமான சந்தேகம் கொள்ளும் எவரும் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தாமே நேரடியாகத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பது இம்மாகாணச் சட்டம். அக்கடமையை மேலதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. ஆயாவும் சமையல்காரியும் ஆசிரியையும் அயலவரும் இதில் சமமானவர்களே.

இனி நம்மவர் வீட்டு வாசலுக்கு வருவோம். அம்மம்மாவும் அப்பப்பாவும் ஊரிலிருக்க, கணவனும் மனைவியும் இரு வேறு வேளைகளில் வேலைக்குச் செல்ல, உரிமம் பெற்ற நிலையத்தில் இடம் கிடைக்க நெடுங்காலம் காத்திருக்க நேரிடும்போது, “எங்கட ஆக்கள்தானே, பயமில்லை” என்ற ஒரு சொல்லின் பலத்தில் அடுத்த தெருவில் பிள்ளை பார்க்கும் அக்காவிடம் குழந்தையை விட்டுச் செல்வது இயல்பே. மொழியும் சோறும் தாலாட்டும் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. அப்படிப் பேணும் அக்காமார் பலர் தாய்க்கு நிகரானவர்கள் என்பதில் ஐயமில்லை. உரிமமின்றி வீட்டில் பராமரிப்பது சட்டவிரோதமுமன்று; ஆனால் வரம்புண்டு. பதின்மூன்று வயதுக்குட்பட்டவர் ஐவருக்கு மேற்படலாகாது. அவர்களுள் இரண்டு வயதுக்குட்பட்டவர் மூவருக்கு மேற்படலாகாது. பராமரிப்பவரின் சொந்தப் பிள்ளைகளும் நான்கு வயதுக்குட்பட்டிருந்தால் அந்தக் கணக்கில் அடங்குவர். தமக்கு உரிமமில்லை என்பதை அவர் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். பெற்றோர் எந்நேரத்தில் வந்தாலும் உள்ளே விட மறுக்கலாகாது.

ஆகவே வாசகர்களிடம் என் விண்ணப்பம் இது. குழந்தையைச் சேர்க்கும் முன், தயக்கமின்றி, மரியாதையோடு கேளுங்கள்: “அக்கா, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? நீங்கள் வெளியே போனால் யார் பார்ப்பார்கள்? பிள்ளை எங்கே, எப்படிப் படுக்கும்? நாங்கள் எழுத்தில் கொடுத்த பெயருடையவரைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையைக் கொடுக்க மாட்டீர்கள்தானே?” நிலையமாயின் உரிமத்தையும் பரிசோதனை அறிக்கையையும் காட்டச் சொல்லுங்கள், ஆசிரியையின் பெயர் ஆரம்பப் பருவக் கல்வியாளர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். நல்லவர் எவரும் இக்கேள்விகளால் மனம் நோவதில்லை. மனம் நோவாரிடம் குழந்தையை விடவேண்டாம். பின்னர் ஒருநாள், சொல்லாமல் மத்தியான வேளையில் சென்று கதவைத் தட்டுங்கள். கதவு தாமதமின்றித் திறந்தால், உள்ளே நின்று, அங்குள்ள பிள்ளைகளை நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.