‘என்னால முடியல பாஸ்’னு சொல்லிட்டுப் போங்க!

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்தப்போ அந்தப் பாதையில் மண் சரிந்து, போக்குவரத்தையே நிறுத்திட்டாங்க. அப்போ யாரைக் கேட்கணும்ங்கிறதில் யாருக்கும் டவுட் இல்லை. நெடுஞ்சாலைத் துறைதான்!

சரி, உங்க லேப்டாப்பில் இருக்கிற லினக்ஸில் ஏதாவது சரிஞ்சா யாரைக் கேட்பீங்க?

டெபியனை எடுத்துக்குவோம். 1993 ஆகஸ்ட்டில் இயன் மர்டாக் என்கிற கல்லூரி மாணவர் ஆரம்பித்த லினக்ஸ் இது. உபுண்டுவுக்கே அடித்தளம். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-ல் 69,830-க்கும் மேல் பேக்கேஜ்கள். இதையெல்லாம் மேய்க்க டெபியன் யாருக்கும் சம்பளம் தர்றதில்லை. டெவலப்பர்கள் சுமார் ஆயிரம் பேர், கூடவே இன்னும் கொஞ்சம் தன்னார்வலர்கள். அவ்வளவுதான்!

ஒவ்வொரு பேக்கேஜிலும் ‘மெயின்டெய்னர்’னு ஒரு வரி இருக்கும். அதில் ஒரு ஆள் பேரோ, டீம் பேரோ இருந்தே ஆகணும். பக் வந்தால் மெயில் அங்கேதான் போகும். இதுவரைக்கும் ஈஸி. அந்த ஆள் காணாமப் போகும்போதுதான் மேட்டரே ஆரம்பம்.

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் வெப்சைட் கதையைக் கேளுங்க. அதைப் பண்ணின சீனியர் பாஸ் அவுட் ஆயிட்டார். கூடவே பாஸ்வேர்டும் பாஸ் அவுட்! கேட்கும்போதெல்லாம் “பண்ணித் தர்றேன்டா”ன்னார், ரெண்டு மாசமா. ‘முடியாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே வேற ஒண்ணு ரெடி பண்ணியிருப்போம்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல டெபியனில் வழியே போட்டு வச்சிருக்காங்க. வேலை அதிகம்னா ‘உதவி தேவை’. வேற ஆள் கிடைச்சா ஒப்படைச்சுடலாம்னா ‘தத்தெடுக்க ஆள் தேவை’. இன்னிக்கே விடறேன்னா ‘அனாதை’. எல்லாமே எல்லாரும் பார்க்கிற லிஸ்ட். அனாதையானதும் பழைய பேரை எடுத்துட்டு, தரக் கட்டுப்பாட்டுக் குழுவின் பேரைப் போட்டுடுவாங்க.

சொல்லாமலே எஸ்கேப் ஆகிறவங்களுக்கு ‘எம்ஐஏ’ டீம். போர்க்களத்தில் காணாமப் போன சிப்பாயைக் குறிக்கிற வார்த்தை அது. மெயில் போட்டு “இருக்கீங்களா?”ன்னு விசாரிக்கிறதுதான் இவங்க வேலை. கவனிப்பே இல்லாத பேக்கேஜை இன்னொருத்தர் மீட்க நினைச்சா, முதல்ல அறிவிக்கணும். 21 நாள் காத்திருக்கணும். ஆட்சேபம் வரலைன்னா அப்லோட் பண்ணலாம், அதுவும் குறைஞ்சது 7 நாள் தாமதமாகத்தான் உள்ளே போகும். பழைய ஆள் எந்த நிமிஷமும் குரல் கொடுக்கலாமே!

‘யாராவது வந்தா சரி’ன்னு கொடுத்துடவும் முடியாது. ஃபைல்களைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ புரோகிராமை லாஸ்ஸே காலின் பல வருஷமா தனி ஆளா பார்த்துக்கிட்டிருந்தார். 2022-ல் சில பெயர்களில் மெயில்கள்... ஏன் லேட், வேற ஆளைச் சேருன்னு ஒரே நச்சரிப்பு. உதவிக்கு வந்த ‘ஜியா டான்’ நல்ல பிள்ளையா வேலை பார்த்து, பொறுப்பை வாங்கி, 2024-ல் உள்ளே கள்ளக் கதவு வச்சிட்டார். லாகின் அரை செகண்ட் தாமதமாகிறதைத் துருவித் துருவிப் பார்த்து மார்ச் 29-ந் தேதி அதை அம்பலப்படுத்தினவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். அதற்குள் டெபியனின் சோதனைப் பதிப்பு வரை அது வந்தாச்சு. டெபியன் விதி எதுவும் தடுக்கலை. ஓட்டை விழுந்தது பேக்கேஜில் இல்லை, மூல புரோகிராமிலேயே!

அதனால்தான் டீம் முக்கியம். தமிழ் எழுத்துருக்களைக் கவனிக்கிறது டெபியனின் எழுத்துரு டீம். கிட்லேபுக்குத் தேவையான ஏகப்பட்ட ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை டீமாகச் செய்ததில் இந்தியப் பசங்களுக்குப் பெரிய பங்கு. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப், செப்டம்பரில் கொச்சியில் உலக டெப்கான்ஃப்னு இங்கேயே கூடியிருக்காங்க.

உங்ககிட்ட டெபியன் இருந்தால் ‘டெவ்ஸ்கிரிப்ட்ஸ்’ இன்ஸ்டால் பண்ணி, ‘டபிள்யூஎன்பிபி-அலர்ட்’னு டைப் பண்ணிப் பாருங்க. உங்க மெஷினில் இருக்கிற எந்தெந்த பேக்கேஜுக்கு ஆள் தேவைன்னு காட்டும். புதுசா வர்றவங்க செய்ததை ஒரு டெவலப்பர் பார்த்துத்தான் ஏத்துவார், பயப்பட வேண்டாம்.

எங்க புது வெப்சைட்டுக்கு இப்போ ரெண்டு பொறுப்பாளர்கள். அதில் ஒருத்தி செகண்ட் இயர்.