வௌவாலுக்கு வேண்டியது ஒரு விரிசல்

மலேசிய மூங்கில் புதர்களில் வாழும் மூங்கில் வௌவாலின் எடை நான்கைந்து கிராம்தான். அதன் வீடு மூங்கில் தண்டின் உட்குழல். மூங்கிலுக்குள் வளரும் ஒருவகை வண்டு முதிர்ந்து வெளியேறும் இடத்தில் நெடுக்காக ஒரு பிளவு உண்டாகிறது. அதன் அகலம் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர். அந்தப் பிளவில் நுழைவதற்கேற்ப வௌவாலின் மண்டையோடு தட்டையாகி இருக்கிறது. கட்டைவிரலிலும் பாதங்களிலும் சதைத் திண்டுகள் இருப்பதால் உள்ளே வழவழப்பான சுவரிலும் அது வழுக்காமல் ஒட்டிக்கொள்கிறது. லார்ட் மெட்வே, ஏட்ரியன் மார்ஷல் என்ற இரு விலங்கியலாளர்கள் சிலாங்கூர் மூங்கில்களில் இவற்றைப் பின்தொடர்ந்து, எந்த இனம் எத்தகைய பிளவைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை 1970இல் எழுதினார்கள்.

வௌவாலுக்கு வீடு கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பிளவைத்தான். வௌவால் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை; முட்டையிடுவதும் இல்லை. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கிறது. பகல் முழுவதும் தாயும் குட்டியும் ஒடுங்கிக் கிடக்க ஓர் இடுக்கு வேண்டும். முதுகும் வயிறும் உரசுகிற அளவுக்குக் குறுகலாக இருந்தால், ஆந்தையும் மரநாயும் உள்ளே தலை நீட்ட முடியாது. பூச்சி தின்னும் வௌவால்களில் பல, மரப்பட்டையின் அடியிலும் கூரை ஓட்டின் இடைவெளியிலும் தேடுவது இதைத்தான். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அத்தாப்பு ஓலைக் கூரையும் பலகைச் சுவரும் இருந்த காலத்தில் இத்தகைய இடுக்குகளுக்குக் குறைவில்லை. இன்றைய தாமான் குடியிருப்பு வீடுகளில் சிமெண்டு பூசி எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுகிறோம். பட்டுப்போன மரத்தையும் உடனே வெட்டிவிடுகிறோம்.

அடைத்த விரிசலைப் பலகையால் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டு ஒட்டுப்பலகைகளை, இடையே இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு எதிரெதிரே நிறுத்த வேண்டும். உயரம் 60 சென்டிமீட்டருக்கும் அகலம் 35 சென்டிமீட்டருக்கும் குறையக் கூடாது. மேல்புறமும் பக்கங்களும் மூடியிருக்கும். அடிப்பக்கம் திறந்தே இருக்கும். வாசலும் அதுதான், எச்சம் விழும் வழியும் அதுதான். பின்பலகை மட்டும் வாசலுக்குக் கீழே பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால், பறந்து வரும் வௌவால் அதில் இறங்கி மேலே தவழ்ந்து போகும். உட்புறத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ரம்பத்தால் குறுக்குக் கோடுகள் கீற வேண்டும்; நகம் பற்ற அது போதும். கம்பி வலை அடிக்கக் கூடாது, இறக்கைச் சவ்வு கிழிந்துவிடும். கரையானுக்காக மருந்தேற்றிய பலகையும் உட்புறச் சாயமும் ஆகாது.

வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் ஜொகூரில் சறுக்கும் இடம் வெப்பம். அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் பெட்டிக்குக் கறுப்புச் சாயம் அடித்து வெயிலில் நிறுத்தச் சொல்வார்கள். குட்டி வளர்க்கும் தாய்கள் 27 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரையிலான கதகதப்பை விரும்புகின்றன; அங்கே அது எளிதில் கிடைக்காது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு டிகிரி அளவிலேயே இருக்கும் ஜொகூரில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் முப்பதைத் தாண்டுகிறது. இங்கே கறுப்புப் பெட்டி பிற்பகல் வெயிலில் நாற்பதைக் கடந்தால், இன்னும் பறக்கத் தெரியாத குட்டிகள் அதற்குள்ளேயே செத்துப்போகும். ஆகவே வெளியே வெள்ளை அல்லது வெளிர் நிறம் அடியுங்கள். கூரையை முன்னே நீட்டி, அதன்மேல் காற்றிடைவெளி விட்டு இன்னொரு பலகை வையுங்கள். கீழ்ப்பாதியில் காற்றுப் போக ஒரு கீற்றும் வேண்டும். இரண்டு மூன்று இடுக்குகள் அடுத்தடுத்து இருந்தால், வெப்பம் ஏறும்போது வௌவால்கள் குளிர்ந்த இடுக்குக்கு நகர்ந்துகொள்ளும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் நல்லது. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும் என்பதால் மேல் மூட்டுகளை நீர் புகாமல் அடைத்துவிட வேண்டும்.

பெட்டியை நான்கைந்து மீட்டர் உயரத்தில், கம்பத்திலோ வீட்டுச் சுவரிலோ பொருத்தலாம். மரத்தில் மாட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் மரத்தில் பாம்பும் கெரங்கா எனும் முசுற்றெறும்பும் எளிதாக ஏறும். கிளைகளும் வழியை மறிக்கும். வௌவாலின் இறக்கை, நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த தோல். பெரும்பாலான வௌவால்கள் தொங்கும் இடத்திலிருந்து கீழே விழுந்து, விழும் வேகத்தில்தான் பறக்கத் தொடங்குகின்றன. அதற்குத் திறந்த வெளி வேண்டும். தெருவிளக்கின் ஒளி வாசலில் படக் கூடாது. அருகே ஓடையோ குளமோ இருந்தால் இன்னும் நல்லது.

இதனால் கொசு ஒழியுமா என்று கேட்பார்கள். 1911இல் அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரில் மருத்துவர் சார்லஸ் கேம்பெல் மலேரியாவை ஒழிக்க வௌவால் கோபுரமே எழுப்பினார். 1960இல் டொனால்ட் கிரிஃபின் குழுவினர் மூடிய அறையில் கொசுக்களை விட்டுப் பார்த்தபோது, ஒரு சிறிய வௌவால் நிமிடத்துக்குப் பத்து வரை பிடித்தது. ஆனால் அறையின் கணக்கு வெளியே செல்லாது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது. அப்போது வௌவால் தூங்கிக்கொண்டிருக்கும். தேங்கிய நீரைக் கொட்டும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். வௌவாலின் உண்மையான உதவி பயிர்களுக்கு. ஸ்பெயினின் எப்ரோ கழிமுகத்து நெல்வயல்களில் பெட்டிகள் வைத்த பிறகு வௌவால்கள் பெருகின, நெல் தண்டுத் துளைப்பானின் தாக்குதல் குறைந்தது. ஆசிய நெல்வயல்களையும் அரிக்கும் அதே அந்துப்பூச்சிதான் அது.

குடிவர நாளாகும். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1991இல் ஒரு பெரிய வௌவால் வீடு கட்டி, விளையாட்டரங்கில் தங்கியிருந்தவற்றைக் கொண்டுவந்து விட்டது. அவை உடனே பறந்துபோயின. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வீடு காலியாகவே கிடந்தது; பிறகு அவை தாமாக வந்து சேர்ந்து பல்லாயிரமாகப் பெருகின. பிடித்து வந்து அடைப்பதால் பயனில்லை.

வந்தவற்றைத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. 1998, 1999 ஆண்டுகளில் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் பரவிய நிப்பா நோய் மலேசியாவில் நூறு பேருக்கு மேல் உயிர் பறித்தது. கடித்துப்போட்ட பழத்தைத் தின்னாதீர்கள். எச்சத்தைக் கூட்டும்போது முகக்கவசம் அணியுங்கள். கீழே விழுந்த வௌவாலைக் கையால் எடுக்காமல் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தூரத்தில் இருந்தபடி பழகினால் இரு தரப்புக்கும் ஆபத்தில்லை.

எல்லா வௌவாலும் பெட்டிக்கு வராது. குளுவாங் நகரத்துக்குப் பெயர் தந்த பெரும்பழந்தின்னி, ஒன்றரை மீட்டர் வரை இறக்கை விரிப்பது. கூட்டமாகத் திறந்த மரங்களில் தொங்குவது. மலேசியா, சுமத்ரா, தாய்லாந்து எல்லைகளைத் தாண்டிப் பறக்கிறது என்று ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்டறிந்து 2009இல் வெளியிட்டார்கள். தீபகற்பத்தில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேல் உரிமத்தோடு சுடப்படலாம் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் விலங்கு இதை எப்படித் தாங்கும்? அதற்கு நாம் கொடுக்கக்கூடிய வீடு, வெட்டாமல் விட்ட சதுப்புநிலக் காடு.

சிறிய பழந்தின்னிகள் தம் வீட்டைத் தாமே செய்துகொள்கின்றன. பாளையங்கோட்டைப் பக்கம் பாலசிங்கும் அவர் குழுவினரும் 1995இல் எழுதிய ஆய்வில், குறுமூக்குப் பழந்தின்னியின் ஆண், கொடித் தண்டுகளைக் கடித்துக் கடித்து உட்குழிந்த கூடாரம் அமைப்பதை விவரித்தார்கள். கூடாரம் நன்றாக இருந்தால் பெண்கள் அதற்குள் வந்து தங்கும். அதன் நெருங்கிய இனங்கள் மலேசியாவிலும் பனைவகை ஓலைகளின் அடியில் தொங்குகின்றன. ஆரஞ்சும் கறுப்புமான வண்ண வௌவால் காய்ந்த வாழையிலையில் சுருண்டு உறங்கும். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று நாம் முதலில் வெட்டி எரிப்பது இந்தச் சருகையும் ஓலையையும்தான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பெட்டி செய்து முடித்துவிடலாம். கொல்லை ஓரத்து மூங்கில் புதர் அடர்ந்து வளரப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வண்டு துளைத்து, கணு முற்றி, வௌவால் குடிபுக மேலும் காலம் எடுத்திருக்கும். பெட்டி செய்ய நேரமில்லாதவரும் அரிவாளைக் கீழே வைத்தால் போதும். செய்யத் தெரிந்தவர் இரண்டையும் செய்யட்டும்: மூங்கிலை நிற்க விட்டு, பெட்டியையும் பொருத்தட்டும்.