தனக்குத் தானே மார்க்: பி.டி. டீச்சர் ஏன் குறைத்துப் போடுகிறார்?

திண்டுக்கல்: பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளிலேயே குறுவட்டப் போட்டிக்கு அணி சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் என்று எங்கே போனாலும் விசிலோடு மைதானத்தில் நிற்பவர் பி.டி. சார், இல்லாவிட்டால் பி.டி. டீச்சர். இவர்கள் தங்கள் திறமைக்குத் தாங்களே மார்க் போட்டால் எவ்வளவு போடுவார்கள்?

24 கேள்விகள்

இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியை டெபோரா பெல்ட்ஸ் தலைமையிலான குழு 1999-ல் தயாரித்தது. மொத்தம் 24 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை பயிற்சியாளரே மார்க் போட வேண்டும். பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுப்பது, ஆட்ட வியூகம் வகுப்பது, நுணுக்கம் சொல்லித் தருவது, நல்ல குணம் வளர்ப்பது என 4 பிரிவுகள்.

சிங்கப்பூர் பயிற்சியாளர்களிடம் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், வியூகப் பிரிவில் பெண்களைவிட ஆண்கள் தங்களுக்குக் கூடுதல் மார்க் போட்டிருந்தார்கள். முறையாகப் படித்து சான்றிதழ் வாங்கியவர்களும் வியூகம், நுணுக்கம் இரண்டிலும் கூடுதலாகப் போட்டிருந்தார்கள்.

திறமையை அளக்கவில்லை

அதற்காக டீச்சருக்கு விஷயம் தெரியாது என்று அர்த்தம் இல்லை. அந்த மார்க் அளப்பது அவர்கள் மனசில் உள்ள நம்பிக்கையைத்தான்.

நம்பிக்கை எப்படி வரும் என்று 1977-லேயே உளவியல் நிபுணர் ஆல்பர்ட் பண்டூரா சொல்லியிருக்கிறார். தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்றவர் ஜெயிப்பதைப் பார்ப்பது, அடுத்தவர் தட்டிக்கொடுப்பது, பதற்றம் இல்லாமல் இருப்பது. இதில் முதலாவதுதான் பெரிசு.

வெளியூர் போட்டி என்றால் பிள்ளைகளுக்குத் துணைக்கு டீச்சர், ஆட்டத்தைக் கவனிக்க சார் என்று பிரித்துவிட்டால், அந்த அனுபவம் டீச்சருக்கு எப்படி வரும்? பார்த்துக் கற்கவும் ஆள் குறைவு. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் விளையாடியவர்களில் பெண்கள் சுமார் 48 சதவீதம். பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவீதம்தான்.

நஷ்டம் யாருக்கு?

பயிற்சியாளரே தயங்கினால் அணியும் தயங்கும். நஷ்டம் மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான்.

கபடியில் எப்போது 'டைம் அவுட்' கேட்பது, யாரை ரைடு அனுப்புவது என்ற முடிவை டீச்சரிடமே விடலாம். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் 6 வார சான்றிதழ் படிப்புக்கு அனுப்பலாம். ஒரு போட்டியில் தோற்றாலும் அடுத்த போட்டிக்கும் அவரையே அனுப்ப வேண்டும். தோற்ற சாரை யாரும் மாற்றுவதில்லையே!